நாணயத்துக்கும் நாணயம் வேண்டும்

கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு நிறுத்துக் கொடுக்கிறோம். வாங்கிப் போனவர் வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிறார். 20 கிராம் குறைந்திருந்தால், மறுநாள் நாம் கடை திறக்கும்போதே பையோடு வாசலில் நிற்பார். 20 கிராம் கூடியிருந்தால்? அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் என்று இத்தனை வருட வியாபாரத்தில் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்?

இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. குறைந்தால் கேட்பதும், கூடினால் பேசாமல் இருப்பதும் மனித சுபாவம். ஆனால் ஒரு தொழிலே இந்தச் சுபாவத்தின்மேல் கட்டப்பட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பழைய வெள்ளி டாலர் நாணயங்களை வாங்கி விற்கும் வணிகத்தில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஒருமுறை தரம் பார்த்து எண் போட்டுக் கொடுத்த நாணயத்தை, இன்னும் ஒரு படி உயர்ந்த எண் கிடைக்கும் என்ற ஆசையில் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பது அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

மளிகைக் கடைக்காரருக்கு அமெரிக்க நாணயத்தைப் பற்றி என்ன கவலை என்று அன்பர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. வெள்ளியைச் சேமிப்பாக வாங்கி வைக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. பிளாஸ்டிக் பெட்டியில் மூடி, எண் போட்டு வரும் நாணயங்கள், பழைய பிரிட்டிஷ் இந்தியா ரூபாய்கள் உட்பட, நம் நாட்டு நாணயக் கண்காட்சிகளிலும் ஏலங்களிலும் விலைக்கு வருகின்றன. பெட்டிமேல் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் பணத்தைப் போடக்கூடாது. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. தரச்சான்று என்ற காகிதத்தை நம்பியே நாமும் சரக்கு வாங்குகிறோம், விற்கிறோம். அந்தக் காகிதத்தின்மேல் உள்ள நம்பிக்கை எந்த வழியாகக் கரைகிறது என்பதை இந்த டாலர் வணிகம் நமக்குக் கண்ணெதிரே காட்டுகிறது.

ஒரே வெள்ளி, பல விலை

முதலில் சரக்கு என்ன என்று பார்ப்போம். 1878-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அரசுக் கருவூலம் மாதந்தோறும் 20 லட்சம் டாலர் முதல் 40 லட்சம் டாலர் வரை மதிப்புள்ள வெள்ளியைக் கொள்முதல் செய்து டாலர் நாணயமாக அடிக்க வேண்டும் என்பது சட்டம். ஜார்ஜ் மார்கன் என்ற செதுக்குக் கலைஞர் உருவாக்கிய வடிவத்தில் நாணயம் வந்தது. அதனால் அதற்கு ‘மார்கன் டாலர்’ என்றே பெயர். 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921-லும் அடித்தார்கள். சேகரிப்போருக்காக 2021 முதல் மறுபடியும் அந்த வடிவத்தில் வெளியிட்டு வருகிறார்கள்.

பழைய மார்கன் டாலரின் எடை 26.73 கிராம். அதில் 90 விழுக்காடு வெள்ளி, 10 விழுக்காடு செம்பு. ஆக, ஒரு நாணயத்தில் சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி உண்டு.

அடித்ததெல்லாம் மக்கள் கைக்குப் போகவில்லை. கனமான நாணயத்தைச் சுமக்க விரும்பாதவர்கள் நோட்டாகவே வைத்துக்கொண்டார்கள். நாணயங்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டுக் கருவூல அறைகளில் கிடந்தன. 1918-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அப்படியும் மிச்சம் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் மக்கள் நோட்டைக் கொடுத்து இந்தப் பைகளை வாங்கிப் போனார்கள். 1964 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியது. அதனால்தான் நூறு வருடங்களுக்கு மேலான நாணயமாக இருந்தும், ஒருநாள்கூடக் கடைக்குப் போகாத, ஒரு கையும் படாத மார்கன் டாலர்கள் இன்றும் ஏராளமாக இருக்கின்றன.

கை படவில்லையே தவிர, காயம் படாமல் இல்லை. ஆயிரம் நாணயங்கள் ஒரு பையில். அந்தப் பையைத் தூக்கிப் போட்டால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் படும். மார்கன் டாலரில் சுதந்திர தேவியின் கன்னம் மேடாகவும் வழவழப்பாகவும் இருக்கும். சிறு கீறல் விழுந்தாலும் அங்கேதான் முதலில் தெரியும். கன்னத்தில் எத்தனை கீறல், எவ்வளவு ஆழம், காதுக்கு மேலே கூந்தல் நன்றாக அச்சு விழுந்திருக்கிறதா, மெருகு அப்படியே இருக்கிறதா, கறுப்பு ஏறியிருந்தால் அது பார்க்க அழகாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் தரம் சொல்கிறார்கள்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளி அதே 24 கிராம்தான். விலை வித்தியாசம் முழுவதும் பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது.

எண் வந்த கதை

1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். நாளடைவில் அதுவே எல்லா நாணயங்களுக்கும் வந்தது. 60 முதல் 70 வரை புழக்கத்துக்குப் போகாத நாணயங்கள். 60 என்றால் கீறல் நிறைந்தது. 70 என்றால் குறையே இல்லாதது. மார்கன் டாலர் வணிகத்தின் பெரும்பகுதி 63, 64, 65, 66 என்ற நாலு எண்களுக்குள் நடக்கிறது.

முன்பெல்லாம் இந்த எண்ணை வியாபாரியே சொன்னார். வாங்கும்போது ஒரு கண்ணாடி, விற்கும்போது ஒரு கண்ணாடி. வாங்கும்போது 63 என்று சொன்ன நாணயம் அவர் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் 65 ஆகிவிடும். ஏமாந்தவர்கள் பலர். இந்தக் குறையைத் தீர்க்க 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் தோன்றின. வாங்குபவரும் அல்லாத, விற்பவரும் அல்லாத மூன்றாம் நபர் நாணயத்தைப் பார்த்து எண் சொல்வார். பெரும்பாலும் ஒருவருக்கு மேற்பட்டோர் தனித்தனியே பார்த்த பிறகுதான் எண் முடிவாகும். பிறகு நாணயத்தைப் பிரிக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, எண்ணை எழுதி ஒட்டி மூடிக் கொடுப்பார்கள். எண் தவறாக உயர்ந்துவிட்டால் ஈடு தருவதாகவும் உறுதி சொன்னார்கள்.

நல்ல ஏற்பாடுதான். நாணயத்தைப் பார்க்காமலே, எண்ணைக் கேட்டு விலை பேசி முடிக்கலாம் என்ற நிலை வந்தது. இடையில் இருந்த பொய் குறைந்தது. மண்டியில் சாம்பிள் பார்க்காமல் பெயரைச் சொல்லி லோடு வாங்குகிற அளவுக்கு நம்பிக்கை வளர்ந்தது. முதலீட்டுப் பணம் வந்து குவிந்து, 1989-இன் நடுவில் விலைகள் உச்சத்துக்குப் போயின. பிறகு விழுந்தன. அது வேறு கதை.

பெட்டியை உடைக்கும் தொழில்

எண்ணுக்கு எண் விலை ஏணிப்படி போல் ஏறினால் கவலையில்லை. ஆனால் சில நாணயங்களுக்கு ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும்போது விலை பல மடங்கு தாவுகிறது. சான் பிரான்சிஸ்கோ அக்கசாலையில் 1884-இல் 32 லட்சம் டாலர்கள் அடித்தார்கள். புழங்கித் தேய்ந்தவை சிரமமில்லாமல் கிடைக்கும். தேயாத நிலையில் மிகமிக அரிது. ஆகவே தேய்ந்ததற்கும் தேயாததற்கும் நடுவில் நிற்கும் ஒரு நாணயத்துக்கு 58 என்று எண் விழுந்தால் ஒரு விலை, 60-ஐத் தாண்டிவிட்டால் வேறொரு விலை. இரண்டுக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே அடங்கிவிடும்.

இப்படி ஒரு தாவல் இருக்கும் இடத்தில் வியாபாரி என்ன செய்வார்? 64 என்று எழுதிய பெட்டியை உடைத்து நாணயத்தை வெளியே எடுப்பார். ‘கிராக் அவுட்’ என்று இதற்கு அங்கே பெயர். பழைய எண்ணை மறைத்துவிட்டு, புது நாணயம்போல் அதே நிறுவனத்துக்கோ போட்டி நிறுவனத்துக்கோ அனுப்புவார். 65 வந்தால் லாபம். 64 வந்தால் மறுபடி உடைப்பார். சில பேர் உடைக்கும் கையோடு நாணயத்தை ஒரு திரவத்தில் முக்கிப் பளபளப்பு ஏற்றியும் அனுப்புவது உண்டு. கொஞ்சம் அதிகமாக முக்கிவிட்டால் இயற்கை மெருகே போய்விடும். ‘துலக்கப்பட்டது’ என்ற குறிப்போடு எண்ணே இல்லாமல் திரும்பி வரும். பருப்புக்குப் பாலிஷ் போட்டுக் கெடுத்தவர் கதைதான்.

இந்தக் கணக்கை நம் பேரேட்டு முறையில் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்காக, 64-இல் நாணயத்தின் விலை 100 டாலர், 65-இல் 400 டாலர் என்று வைப்போம். கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒருமுறை அனுப்ப 40 டாலர். ஐந்து நாணயம் அனுப்பினால் ஒன்று ஏறுகிறது என்றால், செலவு 200, வரவு 300. மிச்சம் 100. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை ஒருவர் மட்டும் போடவில்லை, ஊரே போடுகிறது. 65 என்ற பெட்டி சந்தையில் பெருகுகிறது. பெருகினால் விலை இறங்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 400 டாலர் 280 ஆகிவிட்டால், அதே ஐந்து நாணயத்துக்குச் செலவு 200, வரவு 180. கைநஷ்டம் 20. மீதி நாலு நாணயத்தில் ஒன்று 63 ஆகத் திரும்பி வந்தால் அதுவும் சேர்ந்த நஷ்டம்.

ஒரு பக்கம் மட்டும் திருந்தும் பிழை

நஷ்டம் வியாபாரியோடு நின்றால் நாம் எழுத வேண்டியதில்லை. தொழிலில் லாப நஷ்டம் சகஜம். எண் என்ற அளவுகோலே கெட்டுப்போவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

கண்ணால் பார்த்துச் சொல்லும் தரத்தில் பிழை வரும். எவ்வளவு யோக்கியமான, அனுபவமுள்ள ஆளாக இருந்தாலும் வரும். ‘காயின் வேர்ல்ட்’ என்ற அமெரிக்க நாணய இதழ் 2003-இல் ஒரு சோதனை நடத்தியது. சில நாணயங்களை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறி மாறி அனுப்பிப் பார்த்தது. ஒரு நாணயத்துக்குக்கூட எல்லா நிறுவனங்களும் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. சிலவற்றில் ஏழு எண் வரை வித்தியாசம். அதற்கு முன்பே, 1990-இல், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. தரம் சொல்வதில் மாறாத சீர்மை இருப்பதாக விளம்பரம் செய்தது மிகை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

பிழை வரட்டும். மேலும் கீழும் சமமாக வந்தால் ஊர் தாங்கும். இப்போது 100 நாணயங்களை எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே தரம். முதல் பார்வையில் 60-க்குச் சரியான எண், 20-க்குத் தவறாக ஓர் எண் குறைவு, 20-க்குத் தவறாக ஓர் எண் அதிகம் என்று வைப்போம். யார் திரும்ப அனுப்புவார்கள்? குறைவாக விழுந்த 20 பேரும் அனுப்புவார்கள். சரியாக விழுந்த 60 பேரும் ஆசைப்பட்டு அனுப்புவார்கள். அதிகமாக விழுந்த 20 பேர் அனுப்பவே மாட்டார்கள். அந்தப் பெட்டியை யாரும் உடைக்கமாட்டார்கள்.

திரும்பி வந்த 80-இலும் அதே விகிதத்தில் பிழை வந்தால், 16 நாணயங்கள் தவறாக மேலே ஏறும். முன்பு ஏறிய 20-ஐயும் சேர்த்தால் 36. மூன்றாவது சுற்றில் ஏறக்குறைய பாதி. இதில் தரம் பார்த்தவர் ஒரு பைசா லஞ்சம் வாங்கவில்லை. வேண்டுமென்று ஒரு பொய் சொல்லவில்லை. முதல் நாள் பார்த்த அதே கண்ணால்தான் கடைசி நாளும் பார்த்தார். அப்படியும் 100-இல் 20 ஆக இருந்த பொய் எண் 49 ஆகிவிட்டது. நிறுத்தது தவறு என்று திரும்பி வருபவர்கள் எல்லாம் எடை குறைந்தவர்களாகவே இருந்தால், கடைசியில் கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்திக்கொண்டிருப்பார் அல்லவா? அதே கதைதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எந்த ஆண்டு நாணயம், எந்த எண்ணில் எத்தனை தேறியது என்று இந்த நிறுவனங்கள் பட்டியல் வெளியிடுகின்றன. எது அரிது, எது மலிவு என்று அதைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். உடைத்த பெட்டியின் சீட்டைத் திருப்பி அனுப்பினால் பட்டியலில் கழித்துவிடுவார்கள். எல்லோரும் அனுப்புவதில்லை. நாலு தடவை உடைத்து அனுப்பிய ஒரே நாணயம் பட்டியலில் நாலு நாணயமாக நிற்கும். சரக்கு வரவில் நாலு தடவை எழுதி, ஒரு தடவையும் கழிக்காத பேரேட்டை நம்பி யார் கொள்முதல் செய்ய முடியும்?

லாபம் யாருக்கு?

ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் தரநிர்ணய நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு. எண் ஏறினாலும் ஏறாவிட்டாலும் உண்டு. கட்டணம் நாணயத்தின் மதிப்பைப் பொறுத்தும் உயர்கிறது. உயர்ந்த எண் போட்டால் ஈட்டுப் பொறுப்பும் உயர்கிறது என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் நியாயம் உண்டு. ஆனால் எண் கறாராகவும் மாறாமலும் இருந்தால் யாரும் இரண்டாவது முறை அனுப்பமாட்டார்கள் என்பதும் உண்மை. எண் சற்று ஆடிக்கொண்டிருப்பதில்தான் பெட்டி உடைப்பவரின் நம்பிக்கையும் இருக்கிறது, நிறுவனத்தின் வரவும் இருக்கிறது.

எண்ணின்மேல் சந்தேகம் வந்தபோது என்ன செய்தார்கள்? 2007-இல் சி.ஏ.சி. என்ற நிறுவனம் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் நாணயம் உண்மையிலேயே அந்த எண்ணுக்குத் தகுதியானதுதானா என்று பார்த்து, ஆம் என்றால் பெட்டிமேல் ஒரு பச்சை முத்திரைச் சீட்டு ஒட்டும். முத்திரை உள்ள 65-க்கு ஒரு விலை, இல்லாத 65-க்கு ஒரு விலை என்று ஆயிற்று. 2010-இல் பெரிய நிறுவனங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போடத் தொடங்கின. 2023-இல் முத்திரை ஒட்டிய நிறுவனத்தார் தாங்களே எண் போட்டுப் பெட்டியில் மூடித் தரவும் தொடங்கிவிட்டார்கள். புதிதாக ஒரு சீட்டு, ஒரு குறி, ஒரு பெட்டி வரும்போதெல்லாம் பழைய நாணயங்கள் மறுபடி ஒரு சுற்றுப் புறப்படுகின்றன. முத்திரைக்கு முத்திரை, அதற்கு மேல் ஒரு முத்திரை. நாணயம் அதே நாணயம். கன்னத்தில் கீறல் அதே கீறல்.

இந்த ஓட்டத்தின் முடிவில் நிற்பவர் யார்? ஏறிய எண்ணை முழு விலை கொடுத்து வாங்கிய கடைசி ஆள். ஓய்வுப் பணத்தைப் போட்டவராக இருக்கலாம். பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கியவராக இருக்கலாம். சங்கிலியில் கடைசிக் கண்ணி எப்போதும் சிறிய ஆள்தான். இது நமக்குத் தெரியாததா? மில்லிலிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து சில்லறைக் கடை என்று வரும் சரக்கில் கோளாறு இருந்தால், மாதிரி எடுக்க வருபவர்கள் முதலில் ஏறுவது சில்லறைக் கடைப் படியில்தானே!

மறுபக்கமும் உண்டு

ஒருதலையாகப் பேசுவது வணிகருக்கு அழகல்ல. மறுபடி அனுப்புவது எல்லாமே சூது என்று நாம் சொல்லமாட்டோம். தொடக்க காலத்தில் கறாராக எண் போட்டார்கள், பிறகு தளர்ந்துவிட்டது என்று அங்கே பலர் கருதுகிறார்கள். அதனால் அந்தக் காலத்துப் பழைய பெட்டிகளை, எண் மாறாமலே கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்களும் உண்டு. அப்படி ஒரு நாணயத்தை வைத்திருப்பவர், இதை மறுபடி பாருங்கள் என்று கேட்பது நியாயம். தவறு நடந்தால் திருத்தக் கேட்பது எவருக்கும் உள்ள உரிமை.

அனுபவக் கண்ணுக்கு ஒரு கூலி உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நூறு நாணயம் கிடக்கும் தட்டில் குறைவாக எண் விழுந்த ஒன்றைக் கண்டுபிடிப்பவர், பல வருடம் பார்த்துப் பழகியவர். மஞ்சளை உடைத்து உள் நிறம் பார்த்தே சரக்கைத் தீர்மானிக்கும் நம் பெரியவர்கள் சம்பாதித்ததும் அந்தக் கண்ணால்தான். அறிவால் வரும் லாபத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

நாம் குறை சொல்வது வேறு ஒன்றை. பிடித்த பதில் வரும்வரை கேட்பது. முதலில் வந்த பதிலை மறைத்துவிட்டுக் கேட்பது. கடைசியில் வந்த பதிலை மட்டும் வாங்குபவரிடம் காட்டுவது. இரண்டாவது கருத்துக் கேட்பது உரிமை. ஐந்தாவது கருத்துக் கேட்பது லாட்டரிச் சீட்டு.

நம் சட்டம் காட்டும் வழி

இந்த இடத்தில் நாம் அன்றாடம் குறைப்பட்டுக்கொள்ளும் ஒரு சட்டத்தைப் பாராட்ட வேண்டியிருக்கிறது. பழைய 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில், பகுப்பாய்வாளர் அறிக்கையில் திருப்தி இல்லாத வியாபாரி, மாதிரியின் இன்னொரு பகுதியை மத்திய உணவு ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம் என்று இருந்தது. அங்கிருந்து வரும் சான்று முதல் அறிக்கையை நீக்கிவிடும். இப்போதுள்ள 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில், மாதிரியை நாலு பகுதியாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு; இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும்; நாலாவதை, நாம் கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் இன்னொரு பகுதி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வருவதே இறுதி முடிவு.

நடைமுறையில் ஆயிரம் சிரமம் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் இதன் அமைப்பைப் பாருங்கள். மறுபார்வை உண்டு, ஆனால் அதற்கு ஒரு முடிவும் உண்டு. பார்ப்பது வேறு ஆள். எடுத்த அன்றே முத்திரையிட்ட அதே மாதிரியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். முதல் அறிக்கையை யாரும் கிழித்துப் போட முடியாது, கோப்பில் இருக்கும். அமெரிக்க டாலர் வணிகத்தில் இல்லாமல் போனவை இவைதான்.

அளந்து சொல்ல முடிந்ததைக் கண்ணால் சொல்லாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு. மிளகுக்கு லிட்டர் எடை பார்க்கிறோம். ஏலக்காய்க்குச் சல்லடைக் கண்ணின் மில்லிமீட்டர் பார்க்கிறோம். தங்கத்துக்கு 916 என்பது உரைத்து அளந்த கணக்கு. எந்த ஆய்வகத்தில் வைத்தாலும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். டாலரின் 65 அப்படிப்பட்டதல்ல. அது ஒரு நல்ல மனிதரின் நல்ல அபிப்பிராயம். அபிப்பிராயத்தை அளவு என்று நினைத்து விலை கொடுப்பவர் ஏமாறத்தான் செய்வார். இங்கே எண் போட்ட வெள்ளி நாணயம் வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: முதலில் வெள்ளியின் எடைக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் ஓர் அபிப்பிராயத்துக்கான விலை. நாணயத்தைப் பார்த்து வாங்குங்கள். பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

டாலர் வணிகர்களுக்கு நாம் இங்கிருந்து யோசனை சொன்னால் கேட்கப் போகிறார்களா என்று சிரிக்கலாம். அவர்களுக்குச் சொல்வதைவிட நமக்கு நாமே சொல்லிக்கொள்வது முக்கியம்.

நம்மிலும் சிலர், ஓர் ஆய்வகத்தில் மசாலாத்தூள் தேறவில்லை என்றால் அந்த அறிக்கையை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, தேறும் ஆய்வகத்தைத் தேடிப் போகிறார்கள். நாலாவது இடத்தில் தேறிய காகிதத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். அதில் எழுதியிருப்பது பொய்யல்ல. அந்த ஆய்வகம் அப்படித்தான் சொன்னது. ஆனால் இழுப்பறையில் இருக்கும் மூன்று காகிதங்களை மறைத்த பிறகு, மாட்டியிருக்கும் ஒன்றை உண்மை என்று சொல்ல முடியுமா? அந்தத் தூளைக் குழம்பில் போடப் போகும் வீட்டுக்கு அந்த மூன்று காகிதங்களையும் பற்றித் தெரிய வேண்டாமா?

ஆகவே வணிகப் பெருமக்கள் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது, ஓர் அறிக்கையில் சந்தேகம் இருந்தால் அதே மாதிரியை, வேறொரு நல்ல இடத்தில், ஒரே ஒரு முறை மறுபார்வைக்கு அனுப்புவது. வருவது எதுவானாலும் ஏற்பது. இரண்டாவது, முதல் அறிக்கையையும் இரண்டாவது அறிக்கையையும் சேர்த்தே கோப்பில் வைப்பது. மொத்தமாக வாங்குபவர் கேட்டால் இரண்டையும் காட்டுவது. மூன்றாவது, பலன் சாதகமாக வந்தால் கூடுதல் கட்டணம் என்று பேசும் எவரிடமும் மாதிரியைக் கொடுக்காமல் இருப்பது. அளப்பவர் கூலி, அளவைப் பொறுத்து மாறக்கூடாது.

இவற்றால் ஒரு லோடு திரும்பிப் போகலாம். ஒரு பருவத்தின் லாபம் குறையலாம். அது உண்மைதான். ஆனால் நம் தாத்தாக்கள் படிக்கல்லை வைத்து வியாபாரம் செய்த காலத்தில், தேய்ந்த கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக்கல் வாங்கியவர் கடைதான் மூன்று தலைமுறை நின்றது. ஒரு நாளைக்கு இத்தனை கிராம் என்று தேய்ந்த கல்லால் சேர்த்தவர் கடை நிற்கவில்லை.

தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். வெள்ளி டாலரில் 24 கிராம் வெள்ளி இருக்கிறது. அதை எத்தனை முறை பெட்டியை உடைத்து அனுப்பினாலும் கூட்ட முடியாது. கடைக்காரரின் நாணயமும் அப்படித்தான். அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் தேறும். வெளியே இருந்து முத்திரை வாங்கி அதை ஏற்ற முடியாது.